செந்துறை பஸ்ஸில் போன தகப்பன்

எண்பதுகளின் கடைசியில், அரியலூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு நிலம் கொடுத்தவர்களில் வீட்டுக்கு ஒருவருக்கு வேலை தருவதாக இருந்தார்கள். அந்தக் குடும்பங்களின் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை எனக்கு. திருச்சியில் ஆறு மாதம் படித்துவிட்டு வந்தவன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும் என்ற அந்த ஏசி அறையில் எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

ஒவ்வொருவருக்கும் ஒரு எண். பிள்ளையின் பெயருக்கு எதிரே தகப்பனின் எண்ணைப் போட்டால், யார் யாருடைய பிள்ளை என்று அதுவே சேர்த்து அச்சடித்துத் தரும். எல்லாம் முடிந்த பிறகு சும்மா இருக்காமல், பெயர்களை அகரவரிசைப்படுத்தி ஒன்றிலிருந்து புது எண் கொடுத்தேன். பார்க்க அழகாக இருந்தது. பிள்ளைகளுக்கு எதிரே இருந்த தகப்பன் எண் மட்டும் பழையதாகவே கிடந்ததை நான் கவனிக்கவில்லை.

நேர்முகத் தேர்வு அன்று காலையில், வாசலில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்துவிட்டு முதல் ஆளாக ஒருவர் வந்தார். பின்னால் இஸ்திரி போட்ட சட்டையில் மகன்.

“எம் மவன் பேரு வேற யாருக்கோ கீழ இருக்குதுங்க. பெத்தவன் நானுங்க. கொஞ்சம் பாருங்க சார்.”

நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது. நீங்க எழுதிக் குடுத்ததுதான் வந்திருக்கும். போயிட்டு வாங்க” என்றேன். அவர் நம்பிவிட்டார். மகனைக் கூட்டிக்கொண்டு செந்துறை பஸ் ஏறிப் போய்விட்டார்.

மதியத்துக்குள் ஒரு கூட்டமே வந்து சத்தம் போட்டது. அப்போதுதான் அந்தப் பழைய எண்களைப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் திருத்தி, புதுப் பட்டியலை ஒட்டினேன். அதில் அவர் பெயருக்குக் கீழே அவருடைய மகன் சரியாக இருந்தான். தேர்வுக்கு அவனை மூன்று முறை கூப்பிட்டார்கள். ஆள் இல்லை என்று அதிகாரி பெயரை அடித்துவிட்டார். நான்தான் திருப்பி அனுப்பினேன் என்று சொல்லியிருக்கலாம். என் வேலை போய்விடுமே என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து அவர் மட்டும் வந்தார். செருப்பைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றார்.

“நாந்தான் தப்பா எழுதிக் குடுத்துட்டேனுங்களா சார்? வூட்ல மவன் மொகங்குடுத்துப் பேச மாட்டேங்குறான்.”

“இருக்கலாம்” என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். பட்டியலைத் திருத்த எனக்கு ஒரு மணி நேரம் போதுமாயிருந்தது. அந்தத் தகப்பன் மேல் தப்பில்லை என்று அவர் மகனிடம் போய்ச் சொல்ல, இத்தனை வருஷமாகியும் எனக்குத் தைரியம் வரவில்லை.