ஆயுத பூஜையிலேயே நிற்கும் கம்ப்யூட்டர்

கூடலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். என் கடைக்கு ஒரு சட்டம் உண்டு. ஒருவர் எழுந்ததும் கம்ப்யூட்டரை அணைத்துப் போடுவேன். அவர் எழுதியது, பார்த்தது, ஏற்றிய படம் எல்லாம் துடைத்துக்கொண்டு போய்விடும். அதைப் போட்ட நாளில் இருந்த நிலைக்கே கம்ப்யூட்டரைத் திருப்பிவிடுகிற மென்பொருள். ஓர் ஆயுத பூஜையன்று அதைப் போட்டதால், எந்த மாதம் திறந்தாலும் மானிட்டரில் அன்று நான் எடுத்த படம்தான் வரும். கீபோர்டில் சந்தனப் பொட்டு, பக்கத்தில் பொரி. சித்திரையிலும் பொரியா என்று ஜீப் டிரைவர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். அடுத்தவர் விட்டுப்போனதை நோண்டிப் பார்க்கிற புத்தி இந்த ஊரில் பலருக்கு உண்டு.

அன்று ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்புகள் மலையிறங்கி வந்த நேரம். தோட்டத்தில் காய் பறிக்கிற பெண் ஒருத்தி வந்தாள். உட்காரச் சொன்னேன். முதுகைச் சாய்க்காமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"அக்கா, போலீசுக்குக் கம்ப்யூட்டர்லயே எழுதிப் போடலாமாமே. போன்ல செஞ்சா எங்க வீட்டுக்காரரு பாத்துருவாரு. தெனமும் புடுங்கிப் பாப்பாரு."

கடைசி அறையின் திரைச்சீலையை இழுத்துவிட்டேன். ரவிக்கையைத் தூக்கிக் காட்டினாள். பெல்ட் அடி. பக்கிள் பட்ட இடமெல்லாம் சதை பிய்ந்து துணி ஒட்டிப்போயிருந்தது. அதே பெல்ட்டால் அவன் தோலை உரிக்க வேண்டும் என்று தோன்றியது. இன்றும் தோன்றுகிறது. விண்ணப்பங்களுக்குப் படம் எடுக்கிற கேமராவால் முதுகை எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, கடைச் சட்டப்படி கேமராவில் இருந்ததை அழித்தேன். அவள் சொல்லச் சொல்லப் புகாரை அடித்தேன்.

அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. கண்ணாடிக் கதவு சுவரில் மோதி நொறுங்கியது.

"எங்கனடி இருக்க? நீ இங்கன பூந்தத பாத்தவன் சொல்லிட்டான். என்னத்தடி எழுதுற?"

அவள் புருஷன். திரைச்சீலையைக் கிழித்துக்கொண்டு வந்தான். புகாரைப் பார்த்தால் உயிரோடு விடமாட்டான் என்று அவள் முகமே சொன்னது. என் கை தானாகப் போய்ச் சுவிட்சை அணைத்துவிட்டது.

"போட்டுக் காட்டுடி" என்று என் தலைமுடியைப் பிடித்து மேசையில் இடித்தான். பல் உதட்டைக் கிழித்தது. போட்டேன். பொட்டும் பொரியும் வந்தன.

"அழிச்சிட்டியா?"

கீபோர்டைப் பிடுங்கி என் தோளில் அடித்தான். குறுக்கே விழுந்தவளை வயிற்றில் உதைத்தான். மானிட்டரைத் தரையில் போட்டு மிதித்தான். நான் ஸ்டூலைத் தூக்கி அவன் முழங்காலில் போட்டேன். அவன் மண்டியிட்டதும் இன்னொன்று போட்டேன். பாவ புண்ணியம் பார்க்கவில்லை. சத்தம் கேட்டு ஓடிவந்த ஜீப் டிரைவர்கள் அவனைத் தரதரவென்று வெளியே இழுத்துப்போனார்கள்.

"ஏலே, விட்றாதடா! தூண்ல கட்டு அவன!"

ஷட்டரைப் பாதி இறக்கினேன். வெளியே அவன் கத்திக்கொண்டிருந்தான்.

"இங்கன கட்டிப் போடுவீக. வீட்டுக்கு வருவால்ல, அங்கன வச்சுக்கிறேன்!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. படமும் போச்சு, புகாரும் போச்சு. அவளைக் காப்பாற்றத்தான் அணைத்தேன். ஆனாலும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"எல்லாம் போச்சேடி" என்றேன்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டே எழுந்து, பக்கத்துக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். முதுகை என் பக்கம் திருப்பினாள். ரவிக்கையில் புது ரத்தம்.

"படந்தானக்கா போச்சு. முதுகு அப்படியேதான இருக்கு. மறுபடி எடுங்க. ஒங்க வாயையும் எடுத்துப் போடுங்க."

எடுத்தேன். புகாரை முதலிலிருந்து அடித்தேன். என் உதட்டு ரத்தம் கீபோர்டில் சொட்டியது. புகார் போய்ச் சேர்ந்ததாக மானிட்டரில் வந்ததும், பழக்க தோஷத்தில் என் கை சுவிட்சுக்குப் போனது. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"இத அணைக்காதீகக்கா. படத்தப் பெருசா வையிங்க."

வைத்தேன். வாசலைப் பார்த்து அவள் முதுகு மானிட்டர் முழுக்க நின்றது.

"இப்ப ஷட்டரத் தூக்குங்க" என்றாள். "அவரும் பாக்கட்டும். எல்லாரும் பாக்கட்டும்."

முழுக்கத் தூக்கிவிட்டேன்.