மெய்யெழுத்து மட்டும் எழுதிய ஒரு வரி

நமுனுகுல மலைச்சரிவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் மருந்து கொடுப்பவனாக இருந்தேன். தொழிலாளர் குடியிருந்த லயத்தில் எல்லாரும் டாக்டரய்யா என்பார்கள்; நான் டாக்டருக்குப் படித்தவனல்ல. ஒரு வருடம் எங்கள் துரையின் அக்காள் சீமையிலிருந்து வந்து பங்களாவில் தங்கினார். வந்த மூன்றாம் நாளே மலைப்பாதையில் சறுக்கிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். தினமும் காலையில் போய்க் கட்டு மாற்றுவது என் வேலையாயிற்று.

வராந்தாவில் காலை முக்காலியில் நீட்டி, மடி நிறையத் தாள்களோடு உட்கார்ந்திருப்பார். தாள்களில் பறவை, பாம்பு, கை, வாய் என்று சின்னச் சின்னப் படங்கள். பழைய எகிப்து மொழி படிக்கிறாராம். நாங்கள் பேசியதெல்லாம் இங்கிலீஷில்.

"இதை எப்படி வாய்விட்டு வாசிப்பீர்கள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அதுதான் சிக்கல். அந்த ஜனங்கள் மெய்யெழுத்தை மட்டுமே எழுதினார்கள். 'நல்ல' என்பதற்கு மூன்றே எழுத்து: ந், ஃப், ர். வாய்க்கு வசதியாக நாங்கள் நடுவில் எகரத்தைப் போட்டு நெஃபெர் என்கிறோம். எகிப்தியன் யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டான்."

"அப்படியானால் எல்லாம் ஊகந்தானா?"

"இல்லை, சாட்சிகள் உண்டு," என்றார். எகிப்துக் கிறிஸ்தவர்கள் கோயிலில் இன்றும் ஓதுவது அந்தப் பழைய மொழியின் பேரப்பிள்ளை. அது கிரேக்க எழுத்தில், உயிரெழுத்துகளோடு எழுதப்பட்டது. அதில் அந்தச் சொல் நூஃபெ. இன்னொரு சாட்சி, அயல்நாட்டு எழுத்தர்கள். எகிப்துப் பெயர்களைக் காதில் விழுந்தபடியே களிமண் பலகைகளில் உயிரோடு பதித்து வைத்தார்கள். அங்கே அதே சொல் 'நா' என்று தொடங்குகிறது. ஆகவே முதலில் ஆகாரமாக இருந்தது பிறகு ஊகாரமாகியிருக்க வேண்டும் என்றார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அதைச் சொல்லியும்விட்டேன். அவர் கோபிக்கவில்லை.

"உங்கள் மொழி எனக்குத் தெரியாது. உயிரில்லாமல் ஒரு வரி கொடுங்கள்; சாட்சி தேடி உயிரை நான் கண்டுபிடித்துக் காட்டுகிறேன். அரபு எழுத்திலும் உயிர்க்குறியை விட்டுவிட்டு எழுதலாம்; அது எனக்கு வாசிக்க வரும்."

பதுளையில் எனக்குப் பழக்கமான முஸ்லிம் துணிக்கடைக்காரர் ஒருவர் இருந்தார். நானா என்றுதான் கூப்பிடுவேன். அவர் தமிழை அரபு எழுத்தில் எழுதுகிறவர். உயிர்க்குறி எதுவும் போடாமல் ஒரு வரி எழுதித் தரச் சொன்னேன்.

"குறி போடாட்டி இத நாளைக்கி நானே வாசிக்க மாட்டேனே. ஆரு வாசிக்கிற?"

"ஒரு துரைசாணி."

நானா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சிரித்தபடியே எழுதித் தந்தார். வரி இதுதான்: கூடையை இறக்கி வையுங்கள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தினமும் பெண்களிடம் சொல்வது.

தாளைத் துரைசாணி அம்மாளிடம் கொடுத்து, பொருளை மட்டும் சொன்னேன். அவர் பத்து நாள் வராந்தாவில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பங்களாவில் யாரோ யாரிடமோ "வைங்க" என்றதைப் பிடித்தார். விறகு கொண்டுவந்தவர்கள் "எறக்கு" என்றதைப் பிடித்தார். முதல் சொல்லுக்கும் ஒரு சாட்சி கிடைத்துவிட்டதாகச் சொன்னார். எது என்று சொல்லவில்லை.

கால் ஓரளவு தேறியதும் ஒரு பிற்பகல், கைத்தடியோடு மடுவத்துக்கு வந்தார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. பெண்கள் முதுகில் கூடையோடு வரிசையில் நின்றார்கள். பக்கத்தில் பெரிய கங்காணி குடை பிடித்து நின்றார். அம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டு, நிறுத்தி நிதானமாகச் சொன்னார்:

"கொடய எறக்கி வைங்க."

ஒரு கூடையும் இறங்கவில்லை. எல்லாரும் கங்காணியைப் பார்த்தார்கள். அவர் அவசர அவசரமாகக் குடையை மடக்கித் தரையில் வைத்துவிட்டு, தூறலில் கைகட்டி நின்றார்.

"ஏங்கய்யா, கங்காணி என்ன தப்பு பண்ணுனாரு?" என்று முன்னால் நின்ற பெண் என்னிடம் கேட்டாள்.

நான் சிரிப்பை அடக்க முடியாமல் அம்மாளிடம், அவர் இறக்கி வைக்கச் சொன்னது குடையை என்று சொன்னேன். பங்களாச் சமையல்காரரான கோக்கி ஒவ்வொரு மழைநாளும் கூடையும் கையுமாகக் கடைக்குக் கிளம்பும்போது "கொடய எடுத்துக்கிறேன்" என்பாராம். அதைத்தான் அம்மாள் கூடை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். அம்மாள் கங்காணியின் கையில் குடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கொழுந்துச் சாக்கின்மேல் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். கங்காணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சரியான சொல்லை என்னிடம் சொல்லிவிடாதீர்கள்," என்றார் என்னிடம்.

இரண்டு நாள் கழித்துக் கட்டுப் பிரிக்கப் போயிருந்தேன். பக்கத்துக் கிராமத்திலிருந்து காய்கறி விற்கும் சிங்களப் பெண் ஒருத்தி பங்களாவுக்கு வந்தாள். அம்மாள் அவளுடைய கூடையைத் தொட்டுக் காட்டி, இது என்ன என்று கையால் கேட்டார்.

"கூடய," என்றாள் அவள், தன் சிங்களத்தில்.

அம்மாள் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "அதே மெய்யெழுத்துகள்! இந்தச் சொல் யார் மொழியிலிருந்து யார் மொழிக்குப் போனது?"

"எனக்குத் தெரியாது, அம்மா."

"போகட்டும். அடுத்த வீட்டில் உயிர் பத்திரமாக இருக்கிறது. எனக்கு அது போதும்."

அன்று பிற்பகல் மறுபடி மடுவம். கங்காணி முன்ஜாக்கிரதையாகக் குடையை உள்ளே வைத்துவிட்டு வந்திருந்தார்.

"கூடய எறக்கி வைங்க," என்றார் அம்மாள்.

வரிசை முழுக்கக் கூடைகள் தொப்புத் தொப்பென்று இறங்கின. தோட்டத்துக்கு வந்த நாள் முதல் அந்தச் சத்தத்தை நான் தினமும் கேட்டிருக்கிறேன்; அன்றுதான் அது எனக்கு இனித்தது. நான் தோற்றதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை.

பெண்கள் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். "அவுங்க படிக்கிற பாசையில எதாச்சும் சொல்லச் சொல்லுங்கய்யா. தண்ணிக்கு என்ன?"

அம்மாளிடம் கேட்டேன். அம்மாள் கொஞ்சம் யோசித்தார். எகிப்துக் கிறிஸ்தவர்கள் கோயிலில் ஓதுவது மோஊ; அதிலிருந்து பின்னோக்கிப் போனால், பழங்காலத்தில் ஏறக்குறைய மாவ் என்று இருந்திருக்கலாம் என்றார்.

"மாவா?" என்று பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "தண்ணிய மாவுன்னா, மாவ என்னான்னு சொல்லுவாங்களாம்?"

அதை நான் இங்கிலீஷில் சொல்லி முடிப்பதற்குள் அம்மாள் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வேகமாகப் பக்கம் புரட்டத் தொடங்கிவிட்டார். தராசுக்காரர் கூப்பிட்டுக்கொண்டேயிருந்தார். ஒருத்தியும் நகரவில்லை.