உள்ளறையில் நான் ஒளித்துவைத்த மகள்

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் பர்மாப் பக்கம் இருந்த சமயம். பட்டாளத்துக் குடும்பங்களுக்கு உதவும் ராஜபாளையத்துச் சங்கத்திலிருந்து இரண்டு அம்மாமார், குறைகளைக் கேட்டு எழுதிக்கொள்ள ஸ்ரீவில்லிபுத்தூரிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். இளம்பிள்ளை வாதத்தில் கால் சூம்பிப்போன என் ஏழு வயது மகள் எஸ்தரை வெட்கப்பட்டு உள்ளறையில் அடைத்துவிட்டு, "எங்களுக்கு ஒரு குறையுமில்லை" என்றேன்.

அவர்கள் எழுந்தபோது உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "நானும் பட்டாளத்துக்காரர் மகதான்! எம்பேரையும் எழுதிக்கிடுங்க!"

கூசிப்போய்க் கதவைத் திறந்தேன். தவழ்ந்து வந்தவளை ஓர் அம்மா தூக்கிக்கொண்டார். "இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தேடித்தாம்மா வீடு வீடா வாரோம்."

அவர்கள் ஏற்பாட்டில் மதுரை ஆஸ்பத்திரியில் அவள் ஊன்றி நிற்கக் காலுக்கு இரும்புப் பட்டை போட்டார்கள். லீவில் வந்த தகப்பனை வாசலில் நின்றே வரவேற்றாள்.

இப்போதெல்லாம் யார் வந்தாலும், "ஏட்டி எஸ்தர், இங்க வா" என்று அவளைத்தான் முதலில் கூப்பிடுகிறேன்.