மேல்வீட்டுத் தூபா

யூரோ வந்த புதிதில் நாங்கள் ஸ்டுட்கார்ட்டில் இருந்தோம். பேக்கரியில் விடியற்காலை வேலை முடித்து மதியம் வந்து நான் படுத்தால், மேல்வீட்டு மனிதர் தூபாவை ஊதத் தொடங்குவார். பெரிய பித்தளை வாத்தியம். ஒப்பெரா இசைக்குழுவில் வாசிக்கிறவராம். தினமும் அதே நாலு சுரம்.

"நீரே போய்ச் சொல்லுமன்," என்றார் கணவர்.

"எனக்கு ஏலாது. நீங்கள் போங்கோ."

"எனக்கென்ன, நான் அந்த நேரம் வேலையில நிக்கிறன்."

நேரில் சொல்லக் கூச்சம். ஒருநாள் வீடு கூட்டும் தும்புத்தடியால் சீலிங்கில் இடித்தேன். சத்தம் நின்றது. மறுநாள் தபால்பெட்டியில் அவர் வாசிக்கும் ஒப்பெராவுக்கு ஒரு டிக்கெட் கிடந்தது.

ஞாயிறு பின்னேரம் போனேன். ஒரு மணிநேரமாக அவர் தூபாவை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். இதற்கா என் நித்திரையைக் கெடுத்தார் என்று பற்றிக்கொண்டு வந்தது. பிறகு அந்த நாலு சுரம் வந்தது. நான் இருந்த கதிரை அதிர்ந்தது. என் நெஞ்சும் அதிர்ந்தது.

வெளியே அவரைக் கண்டு, "வீட்டில் இப்படிக் கேட்பதில்லையே?" என்று ஜெர்மனில் கேட்டுவிட்டேன்.

"வீட்டில் குழலின் வாயை அடைத்துத்தான் ஊதுகிறேன். நீங்கள் தூங்கும் நேரமல்லவா?"

மறுநாளும் அதே நாலு சுரம். நித்திரை வரவில்லை, எரிச்சலும் முழுதாகப் போகவில்லை. ஆனால் தும்புத்தடியைத் தொடவில்லை. அவர் எனக்காக எவ்வளவு சத்தத்தை உள்ளே பிடித்து வைத்திருக்கிறார் என்று கேட்டுக்கொண்டு கிடந்தேன்.