துபாய்க்குப் போகாத மாமா

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஒரு டிவி தொடரில் விழுகிற வேலையில் இருந்தார். கதாநாயகி அழுது முடித்ததும் மாமா வந்து வாளியில் கால் விட்டு விழுவார். பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருந்தார். வீட்டில் ஒருநாளும் விழுந்ததில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது, தொடரில் காமெடியை எடுத்துவிடப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. தொடரிலிருந்து ஆளை அனுப்ப இரண்டு வழி. துபாய்க்குப் போய்விட்டார் என்று ஒரு வசனம் வைத்தால், என்றாவது திரும்பக் கூப்பிடுவார்கள். போட்டோவுக்கு மாலை போட்டுவிட்டால் அவ்வளவுதான். இதெல்லாம் இப்போது தெரிகிறது. அப்போது என் காதில் விழுந்தது, தெருமுனைப் பிள்ளையாரிடம் அம்மா வேண்டிக்கொண்டது மட்டும்தான்.

"எப்படியாவது தம்பிய துபாய்க்கு அனுப்பிடுப்பா. தேங்கா உடைக்கிறேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கூடப் பிறந்தவனை இப்படியா துரத்துவார்கள்? மாமா போய்விட்டால் என்னை யார் வண்டலூருக்குக் கூட்டிப்போய், குரங்குக் கூண்டு முன்னால் நிறுத்தி, "நம்ம சொந்தக்காரங்கடா, வணக்கம் சொல்லு" என்பது? தேங்காய்க்கு எனக்கு வழியில்லை. தினமும் பள்ளிக்கூடம் போகிற வழியில் தோப்புக்கரணம் போட்டேன். மாமா போகக் கூடாது சாமி. பிள்ளையார் பாடு பேஜார்தான்.

அந்த வெள்ளிக்கிழமை எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். விளம்பரம் முடிந்ததும் ஒரு சுவர் வந்தது. சுவரில் மாமா. கழுத்தில் சந்தன மாலை. கதாநாயகி அழுதாள். எங்கள் அம்மாவும் அழுதாள். செத்துப்போனவரோ என் பக்கத்தில், கையிலிருந்த முறுக்கைக் கடிக்காமல் உட்கார்ந்திருந்தார். குழம்பிப்போய் நெடுநேரம் யோசித்ததில் ஒன்று மட்டும் தெளிவானது.

"அப்போ மாமா துபாய்க்குப் போகலையா?"

அம்மா முறைத்தாள். மாமாதான் பதில் சொன்னார். "இல்லடா. இனிமே எங்கயும் போகல."

நான் எழுந்து கூடம் முழுக்க ஆடினேன். வாளியே இல்லாமல் வழுக்கி விழுந்தேன்.

"அக்கா, இவன் என்னைவிட நல்லா விழறான்" என்றார் மாமா.

அடுத்த வாரத்திலிருந்து மாமா வீட்டிலேயே இருந்தார். காலையில் பள்ளியில் கொண்டுவிட்டார், சாயங்காலம் கேட்டில் வந்து நின்றார். மற்ற பையன்களின் மாமாக்களெல்லாம் வேலைக்குப் போய்விடுவதை நினைத்து அவர்களுக்காகப் பரிதாபப்பட்டேன்.

பிள்ளையாருக்கு நன்றி சொல்ல வேண்டுமே. ஒரு சாயங்காலம் மாமாவையும் இழுத்துக்கொண்டு போய், என் வேண்டுதலை முழுக்கச் சொன்னேன். மாமா பிள்ளையாரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீதானாடா அது?"

பெருமையாகத் தலையாட்டினேன். மாமா செருப்பைக் கழற்றிவிட்டு, காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போடத் தொடங்கினார். நானும் சேர்ந்துகொண்டேன். எனக்குக் கால் வலித்து நிறுத்திய பிறகும் அவர் நிறுத்தவில்லை. நன்றி சொல்ல இவ்வளவு நேரமா என்று யோசித்தபடி, அவர் செருப்புக்குக் காவல் நின்றேன்.