எஃப்-12இல் சிரித்தவர்

எங்கப்பாவுக்கு ஊரில் டார்ச் என்றுதான் பெயர். ஒருமுறை யாரோ கடித உறையில்கூட அப்படியே எழுதியிருந்தார்கள். தபால்காரரும் அலட்டிக்கொள்ளாமல் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். இருபத்திரண்டு வருடம் ஒரே தியேட்டரில், இருட்டில் தடுமாறி வருகிறவர்களுக்கு வெளிச்சம் காட்டி உட்கார வைத்த மனுஷன். வேறு வேலை தெரியாது. ஆணி அடிக்கச் சொன்னால் விரலில் அடித்துக்கொள்வார். ஆனால் பதினெட்டு வரிசையில் எந்த நாற்காலிக்கு என்ன வியாதி என்று கேளுங்கள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

சிரிப்புப் பைத்தியம் வேறு. நாற்பதாவது தடவை பார்க்கும் படத்துக்கும் முதல் தடவை மாதிரியே சிரிப்பார். அதில் ஒரு கெட்ட பழக்கம், எல்லோருக்கும் ஒரு நொடி முன்னாலேயே சிரித்துவிடுவார். திரையில் மாப்பிள்ளையின் கால்சட்டை காற்றில் பறப்பதற்கு முன்பே பின்வரிசையிலிருந்து "ஹக்" என்று ஒரு சத்தம் வரும். ஜனங்கள் திரும்பிக் கத்துவார்கள்: "யோவ் டார்ச், வாயை மூடுய்யா! எங்களையும் கொஞ்சம் சிரிக்க விடு!"

அப்புறம் அவர்கள் வந்தார்கள். நாங்கள் 'விருந்தாளிகள்' என்று சொல்வோம். கூப்பிடாமல் வந்து, நடுவீட்டில் சட்டமாக உட்கார்ந்துகொண்டு, எப்போது கிளம்புவீர்கள் என்று கேட்கவும் முடியாத ஆட்களை வேறு என்னவென்று சொல்வது? நான் படித்த பள்ளிக்கூடத்தில் கட்டில் போட்டுப் படுத்துக்கொண்டார்கள். எனக்குப் பதினாறு வயது. படிப்பு போனதில் பெரிய வருத்தம் ஒன்றுமில்லை, பொய் சொல்வானேன். சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன்.

தியேட்டரை அவர்கள் மூடவில்லை. பழைய நகைச்சுவைப் படங்களை ஓட்டிக்கொள்ளலாம், ஆனால் முதலில் கால் மணி நேரம் அவர்களுடைய செய்திப்படம் ஓட வேண்டும். அதில் அவர்கள் படை ஜெயித்துக்கொண்டே இருக்கும். ஒரு தளபதி குதிரையிலிருந்து இறங்கும்போது சேண வளையத்தில் கால் மாட்டிக்கொண்டு ஒற்றைக் காலில் குதிப்பார். அந்தத் துண்டை வெட்டி எறிய வேண்டும் என்று ஒரு புத்திசாலிக்கும் தோன்றவில்லை. முதல் வாரம் அரங்கமே அதிர்ந்தது. சிரித்தார்கள், இருமினார்கள், தப்பான இடத்தில் எல்லாம் கைதட்டினார்கள்.

இரண்டாம் வாரம் உத்தரவு வந்தது. செய்திப்படம் ஓடும்போது விளக்கெல்லாம் எரிய வேண்டும். யார் சிரிக்கிறார்களோ அவர்கள் நாற்காலி எண்ணை டார்ச் குறித்துக்கொண்டு, இடைவேளையில் வாசல் காவலனிடம் கொடுக்க வேண்டும்.

முதல் நாள் அப்பா வெறும் காகிதத்தை நீட்டினார். கன்னத்தில் ஒன்று விழுந்தது. "முந்நூறு பேர்ல ஒருத்தன்கூட சிரிக்கலையா? நின்னுக்கிட்டே தூங்கினியா?" என்று கேட்டார்களாம். மேனேஜர் கையைப் பிசைந்தார். "எதையாவது எழுதித் தொலைய்யா. இதை மூடிட்டா பத்துக் குடும்பம் நடுத்தெருவுல நிக்கும்."

அப்பா எழுதினார்: எஃப்-12.

எஃப்-12 ஆளில்லாத நாற்காலி. போருக்கு முன்பே ஸ்பிரிங் போய்விட்டது, உட்கார்ந்தால் ஆள் உள்ளே போய்விடுவான். மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். கவுன்டரில் அந்த எண்ணுக்கு டிக்கெட் கொடுப்பதில்லை. காவலன் காகிதத்தை வாங்கினான், மடித்துப் பையில் போட்டுக்கொண்டான், அவ்வளவுதான். யாரும் உள்ளே வந்து பார்க்கவில்லை. ஏழு மாதம் இப்படியே ஓடியது. படம் ஓட்டும் ஆபரேட்டருக்கும் அப்பாவுக்கும் இது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

"நம்ம பன்னிரண்டு இன்னைக்கு எப்படிய்யா?" என்பார் ஆபரேட்டர்.

"கொஞ்சம் ஜலதோஷம். ஆனாலும் குதிரையைப் பார்த்ததும் தாங்க முடியல அவனுக்கு, விழுந்து விழுந்து சிரிச்சான்."

இன்னொரு வேலையும் அப்பா செய்தார். செய்திப்படம் தொடங்கியதும் பக்கத்துக் கதவின் திரைச்சீலைக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொள்வார். பார்த்தால் யார் சிரிக்கிறார்கள் என்று தெரிந்துவிடும், தெரிந்தபின் கேட்டால் முகமே காட்டிக்கொடுத்துவிடும், அதனால் பார்ப்பதே இல்லை.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்த கதை. அன்றைக்கு வீட்டில் அவர் மூச்சு விடவில்லை. காரணம் நான்தான். "அவன் வாய்ல ஒண்ணும் நிக்காது, ஓட்டைப் பானை" என்று அம்மாவிடம் சொல்வார். சொன்னதில் தப்பொன்றும் இல்லை. காலையில் கேட்டதை மத்தியானத்துக்குள் தெருக்கோடி வரை கொண்டுபோய்ச் சேர்க்கிற ஜென்மம் நான்.

எங்கள் சைக்கிள் கடைக்கு எதிரே இஸ்திரிக்கடை. அங்கே ஒரு பெண், என்னைவிட ஒரு வயது பெரியவள். இரண்டு மணிக்கட்டிலும் சூட்டுத் தழும்பு. அவளுடைய அண்ணன் போருக்குப் போனவன் திரும்பவில்லை. இருக்கிறானா இல்லையா என்று ஒரு வரித் தகவலும் இல்லை. நான் டியூப்பைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்ப்பதுபோல் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முதலாளி என் பின்மண்டையில் தட்டுவார். ஒரு நாள் தைரியத்தை எல்லாம் திரட்டிக்கொண்டு கேட்டேன்.

"நீ சிரிக்கவே மாட்டியா?"

"எனக்கே மறந்து போச்சு," என்றாள், இஸ்திரிப் பெட்டியிலிருந்து கண்ணெடுக்காமல்.

"ஞாயித்துக்கிழமை மத்தியான ஆட்டம் வர்றியா? அந்த மாப்பிள்ளை படம். நீ மட்டும் சிரிக்கலைன்னா என் பேரை மாத்திக்கறேன்."

"உன் பேரே எனக்குத் தெரியாதே," என்றாள். ஆனால் வருகிறேன் என்றும் சொன்னாள். அன்றைக்கு நான் பஞ்சர் ஒட்டிய சைக்கிள் எல்லாம் மறுநாளே திரும்பி வந்தன.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குக் கூட்டம் நெட்டித் தள்ளும். எனக்குக் கிடைத்தது ஒரே டிக்கெட், எஃப்-11. பக்கத்தில் அந்த உடைந்த நாற்காலி. தலைக்குள் விளக்கு எரிந்தது, கேடுகெட்ட விளக்கு! காலையில் தியேட்டரைக் கூட்டிப் பெருக்கும் கிழவியைத் தாஜா செய்து உள்ளே போனேன். பழைய சைக்கிள் சீட்டிலிருந்து கழற்றிய இரண்டு ஸ்பிரிங், நாலு போல்ட், ஒரு தகடு. ஒரு மணி நேர வேலை. உட்கார்ந்து பார்த்தேன், ராஜா மாதிரி இருந்தது. மறுபடி சாக்கைப் போட்டு மூடிவிட்டு வந்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக என் வாயில் ஒன்று நின்றது, பாருங்கள், அது இதுதான்.

மத்தியானம் அவள் எஃப்-11இல் உட்கார்ந்தாள். செய்திப்படம் தொடங்கி, அப்பா எதற்கோ திரைச்சீலைக்குப் பின்னால் போனதும், நான் பின்கதவு வழியாக நுழைந்து சாக்கை உருவி அடியில் திணித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தளபதி ஒற்றைக் காலில் குதித்தார். எனக்கு முன்னால் ஒரு ஆள் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினார். நான் திரையைப் பார்க்கவே இல்லை, அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் உதடு அசையவில்லை. யார் தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன், அவள் சிரிக்கவில்லை.

படம் தொடங்கியும் சிரிக்கவில்லை. நான்தான் அவளுக்கும் சேர்த்து இளித்துக்கொண்டிருந்தேன். இடைவேளையில், "நல்லாத்தான் இருக்கு. சிரிப்புதான் வரல," என்றாள், ஏதோ தன்மேல்தான் தப்பு என்பதுபோல. "அதோட முன்னாடி இருக்கறவர் தலை பாதித் திரையை மறைக்குது."

"நீ என் இடத்துக்கு வந்துடு. நல்லாத் தெரியும்," என்றேன் நான். நானேதான் சொன்னேன். அவள் மாறி உட்கார்ந்தாள். நான் வேர்க்கடலை வாங்கப் போனேன்.

அதே நேரம் அப்பா வாசலில் காகிதத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பார்த்து அங்கே ஒரு புது அதிகாரி. முந்தின நாள்தான் ஊருக்கு வந்தவன். காகிதத்தை வாங்கிப் படித்தான். ஏழு மாதத்தில் அதைப் படித்த முதல் ஆள். கூட ஒரு மொழிபெயர்ப்பாளன் இருந்தான். "இந்த ஆளைக் காட்டு," என்றான் அதிகாரி.

மாட்டிக்கொண்டோம் என்றே அப்பா நினைத்தார். காலி நாற்காலியைப் பார்ப்பார்கள், நாலு அறை விழும், அதிகம் போனால் நாலு நாள் உள்ளே. அந்தக் கணக்கோடுதான் முன்னால் நடந்தார். படம் மறுபடி தொடங்கி இருட்டாகிவிட்டது. ஆறாவது வரிசையில் நின்று டார்ச்சை அடித்தார். வெளிச்சத்தில் அந்தப் பெண் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான் இரண்டு பொட்டலத்தோடு கதவருகில் நின்றேன். அப்பா டார்ச்சை அவள் முகத்திலிருந்து கீழே நாற்காலிக்கு இறக்கினார்.

"இல்லைங்க," என்றார் அப்பா. "இதுல ஆளே இல்லைங்க. இது உடைஞ்ச நாற்காலி. நான் சும்மா எழுதினேன். ஏழு மாசமா சும்மாதான் எழுதறேன்."

மொழிபெயர்ப்பாளன் சொன்னதைக் கேட்டதும் அதிகாரி அவளை எழுந்திருக்கச் சொன்னான். ஒரு சிப்பாய் நாற்காலியைக் கையால் அழுத்தினான். அது அழகாக இறங்கி அழகாக மேலே வந்தது. இன்னொரு தடவை அழுத்தினான். முனகல்கூட இல்லை. முதல்தரமான வேலை, நான் செய்தது! அதிகாரி அப்பாவைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. தெரிந்த பெண்ணைக் காப்பாற்றப் பார்க்கிறான் கிழவன் என்று நினைத்திருப்பான். அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவள் போகும்போது என்னைத் தாண்டித்தான் போனாள். "என்ன ஆச்சு?" என்று என்னைக் கேட்டாள். ஓட்டைப் பானை அன்றைக்கு அடைத்துக்கொண்டது. திரையில் மாப்பிள்ளை கால்சட்டை இல்லாமல் ஓடினார், அரங்கத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பா எல்லாவற்றையும் சொன்னார். நானும் சொன்னேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் என்னை அடித்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். "ஸ்பிரிங் எங்கேடா கிடைச்சுது?" என்று மட்டும் கேட்டார்.

"பழைய சைக்கிள் சீட்ல."

"நல்லாத்தான் செஞ்சிருக்கே," என்றார்.

மறுநாள் அப்பா விருந்தாளிகளின் அலுவலகத்து வாசலில் போய் நின்றார். மூன்று நாள் நின்றார். நானும் கூடப் போனேன். நாற்காலியைச் சரிசெய்தது நான்தான் என்று சொன்னேன், போல்ட்டைக்கூடக் கொண்டுபோய்க் காட்டினேன். மொழிபெயர்ப்பாளன் நம் ஊர்க்காரன்தான், ஈரமில்லாதவன் என்று சொல்ல மாட்டேன். அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான்: "எழுதினது உங்க கை, இல்லைங்கிறது உங்க வாய். இவங்க எதை நம்புவாங்க? பொய்யா எழுதினேன்னு நீங்க அழுத்திச் சொன்னா உங்களையும் உள்ளே போடுவாங்க, உங்க பையனையும் போடுவாங்க. அவளை விடவும் மாட்டாங்க. வீட்டுக்குப் போங்க, ஐயா."

வீட்டுக்கு வந்தோம். வேறு என்ன செய்ய? இஸ்திரிக்கடையில் அவள் அம்மா தனியாக நின்று தேய்த்தாள். நான் தினமும் எதிரே உட்கார்ந்து பஞ்சர் ஒட்டினேன். அந்த அதிகாரி பதினைந்தே நாளில் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டான். காகிதத்தைப் பழையபடி யாரும் படிக்கவில்லை. அப்பா கோடுகளாகக் கிறுக்கிக் கொடுத்தார், அதையும் வாங்கி மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்கள். எஃப்-12 மேல் அப்பா மறுபடி சாக்கைப் போட்டுவிட்டார். விருந்தாளிகள் மூட்டை கட்டிக்கொண்டு போன பிறகும் ஒன்பது வருடம் அதே தியேட்டரில் இருந்தார். அந்தச் சாக்கை எடுக்கவும் விடவில்லை, அந்த "ஹக்" சத்தம் திரும்ப வரவும் இல்லை.

அவள் நாலு மாதத்தில் வந்தாள். ஒட்ட வெட்டிய தலைமுடி, வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. வந்த மூன்றாம் நாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். பெரிய அதிகாரி வந்தால்கூட அப்படி எழுந்தவர் இல்லை.

"உட்காருங்க மாமா," என்றாள் அவள். "உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு வந்தேன். என்னால உங்களுக்கு எவ்வளவு சங்கடம். எனக்காகப் பொய்கூடச் சொன்னீங்க. நீங்க உங்க வேலையைத்தானே செஞ்சீங்க?"

அப்பா உட்காராமல் தன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். அம்மா தண்ணீர் கொண்டுவரப் போன சாக்கில் உள்ளேயே நின்றுவிட்டாள்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீ பக்கத்துலதானே இருந்தே. ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. அங்க தினம் கேட்டாங்க, ஏன் சிரிச்சே, ஏன் சிரிச்சேன்னு. முதல்ல இல்லைன்னுதான் சொன்னேன். அப்புறம் ஆமான்னு சொல்லிட்டேன். இப்ப எனக்கே ஞாபகம் இல்ல. நான் சிரிச்சேனா?"

அப்பா என்னைப் பார்த்தார். தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அந்தப் பெண்ணின் கண் என் வாயிலேயே இருந்தது.

"சிரிச்சே," என்றேன். "நல்லாவே சிரிச்சே. அந்தக் குதிரை சீன்ல."

அவள் மூச்சை இழுத்து விட்டாள். முகம் தெளிந்தது.

"அப்பாடா," என்றாள். "ஒண்ணுமே செய்யாம போயிட்டு வந்துட்டேனோன்னு நினைச்சேன்."