மெத்தையில் நாலாவது பெண்

சுவிட்சர்லாந்தில், கூர் நகருக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் நான் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். சில வருடங்களுக்கு முன், பனிச்சறுக்கில் விழுந்து வலது தோளை முறித்துக்கொண்ட, ஐக்கிய அரபு எமிரேட்ஸைச் சேர்ந்த பெண் ஒருவர் என்னிடம் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். அங்கே ராஸ் அல் கைமாவில் ஓவியர். வலி எப்போது போகும் என்று அவர் கேட்கவில்லை. கையைத் தலைக்கு மேலே தூக்க முடியுமா என்றுதான் கேட்டார். ஊரில் கட்டப்படும் புதிய நூலகத்துக்கு, 'எங்கள் வீடு' என்று ஒரு பெரிய படம் கீறித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தாராம்.

அந்தப் படத்தையே பயிற்சியாக்கினோம். ஜன்னலோரம் கன்வஸை நிறுத்தி, வாரத்துக்கு வாரம் அதைக் கொஞ்சம் உயர்த்தினேன். தரை மெத்தையில் மூன்று பெண்கள். அவருடைய தாய், நெற்றியையும் மூக்கையும் மறைக்கும் பழைய துணி முகமூடியோடு. நடுவில் அவர், முகமூடி இல்லாமல், கறுப்பு அபாயா அங்கியில். அருகே ஜீன்ஸ் போட்ட மகள். அவள் இங்கே சுவிஸில், லோசானில் படிக்கிறாள். தாயோடு ஆங்கிலத்தில்தான் கதைப்பாள். பாட்டியின் அரபியில் பாதி அவளுக்கு விளங்காது என்று அவர் சிரித்துக்கொண்டு சொன்னார். நாங்களும் ஆங்கிலத்தில்தான் கதைத்தோம்.

ஒருநாள் நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். நான் அம்மாவோடு போனில் தமிழில் கதைத்துக்கொண்டிருந்தேன். வைத்ததும் அவர் தமிழில் கேட்டார்.

"அம்மா சாப்பிட்டாவா?"

உங்களுக்குத் தமிழ் எப்படி என்று கேட்டேன்.

அவருடைய வீட்டில் மட்டக்களப்பைச் சேர்ந்த ஒரு பெண் வேலை செய்தாராம். இவர் நடை பழகும்போது வந்தவர், இவருக்குக் கல்யாணமாகும்வரை இருந்தார். பசி, நித்திரை, அழாதே, இங்கே வா எல்லாம் இவர் வாயில் முதலில் தமிழில்தான் வந்தன. ஆனால் கோப்பி ஊற்றும் கூசா, பாய்மரப் படகு, முகமூடி என்று இத்தனை வருடம் கீறிய எந்தப் படத்திலும் அந்தப் பெண் இல்லை. இதில் அவரையும் சேர்க்க வேண்டும். வீட்டு ஆல்பத்தில் பார்த்தால், குழந்தையைப் பிடித்திருக்கும் அவருடைய கைகள் மட்டுமே விழுந்திருக்கின்றன. அவருக்குப் பதிலாக ஒரு தட்டத்தோடு வாசலடியில் நீங்கள் நிற்க முடியுமா, பார்த்துக் கீறுகிறேன் என்று என்னைக் கேட்டார்.

மாட்டேன் என்றேன். பணிவாகத்தான் சொன்னேன், ஆனாலும் முகம் சூடாகியது. ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று எனக்கே சரியாக விளங்கவில்லை. பிறகு தமிழில் கேட்டேன். "அவ இருக்கிறாவோ?"

இருந்தார். நம்பரும் இருந்தது. வளர்ந்த பிறகும் குழந்தைத் தமிழிலேயே கதைக்க வெட்கப்பட்டு, ஓவியர் வருடக்கணக்காக அவருக்குப் போன் எடுக்காமல் விட்டிருந்தார்.

"அப்ப நான் கதைக்கிறன்" என்றேன்.

ஸ்பீக்கரில் போட்டு, விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பெண் முதலில் தோள் நோகிறதா என்றுதான் விசாரித்தார்.

"என்னைக் கீறுறதெண்டா நல்ல சாறியோட, இருக்க வைச்சுக் கீறு மகள்" என்றார். "கையில ஒண்டும் தராத."

அடுத்த நாள் அவருடைய போட்டோ போனில் வந்தது. ஊதாச் சேலை, பிளாஸ்டிக் கதிரை, மடியில் வெறும் கைகள்.

ஓவியர் அதை நெடுநேரம் பார்த்தார். தாயின் மெத்தையில் அந்தப் பெண் ஒருநாளும் உட்கார்ந்திருந்ததில்லை என்று மெதுவாகச் சொன்னார். இரண்டு வாரம் கன்வஸின் அந்தப் பக்கத்தைத் தொடவே இல்லை. பிறகு தாயின் உருவத்தைக் கொஞ்சம் தள்ளிக் கீறி, பக்கத்தில் அந்தப் பெண்ணை இருத்தினார். முகத்தை முடித்த அன்று கை தலைக்கு மேலே போயிருந்ததை நான்தான் கவனித்தேன். அவர் கவனிக்கவில்லை.

ஊருக்குப் போன பிறகு ஒருமுறை போன் எடுத்தார். நூலகத்தார் இது யார் என்று கேட்டிருக்கிறார்கள். பாரம்பரியம் என்றால் மூன்று பேர் போதாதா என்றும் கேட்டிருக்கிறார்கள். நாலு பேரோடு எடுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள் என்று இவர் சொல்லிவிட்டார். முன்மண்டபத்துக்கென்று கேட்ட படத்தைக் கடைசியில் சிறுவர் பகுதியில் மாட்டினார்கள். அவருக்கு அதில் பெரிய மனவருத்தம் இல்லை. பிள்ளைகள்தான் இது ஆர் என்று கேட்பார்கள், என்றார்.

மட்டக்களப்புக்கு இப்போது ஒவ்வொரு வெள்ளியும் போன் எடுக்கிறாராம். தமிழ் எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

"இப்ப சண்டையும் பிடிக்கிறம்" என்றார்.